எமரென்சியாவுக்குப் பாராட்டு

மூன்றாவது பொன்னாடையையும் போர்த்திவிட்டுப் போன பிறகு எமரென்சியாவுக்குக் கழுத்தடியில் கசகசக்கத் தொடங்கியது. எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போர்த்திய கையோடு எடுத்தால் போர்த்தியவர் முகம் சுருங்கும். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நேரத்திலிருந்து யார் முகமும் சுருங்கிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு வேலையே பார்க்கவில்லை என்று நினைத்தாள். சவேரியார்பட்டினம் கோயில் மண்டபத்தில் காற்றாடிகள் சுற்றின, காற்று மட்டும் மேடைக்கு வரவில்லை. கடல் நூறடியில் கிடக்கிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் ஜன்னல்களையெல்லாம் அடைத்துக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பேச்சு முடிந்து படம் போட வேண்டும் அல்லவா, அதற்காக. எடுத்து இருபது வருடத்துக்குப் பிறகு இந்த ஊரில் அவள் படம். மைக்கில் பேராசிரியர் கஸ்பார் பேசிக்கொண்டிருந்தார், பேசிக்கொண்டே இருந்தார், நம் கடற்கரை இனத்தின் முதல் பெண் இயக்குநர் என்றார், சாதனை என்றார், மீண்டும் சாதனை என்றார், பிறகு அவளுடைய முதல் படமான 'மீன்கூடம்' என்றார். ஏலக்கூடம், என்றாள் அவள் உதட்டை அசைக்காமல். 'மீன்கூடம்' படத்தை வெளிநாட்டவர் கண்ணீர் மல்கப் பார்த்தார்கள் என்றார் அவர். பக்கத்து நாற்காலியிலிருந்த சங்கத் தலைவர் ரெமிஜியூஸ் கை தட்டினார். கீழே நாலைந்து பேர் தட்டினார்கள். பின்னாலிருந்த பெரிய பேனரில் அவளுடைய படம் இருந்தது, பதினைந்து வருடத்துக்கு முந்திய முகம், அதையும் யாரோ கம்ப்யூட்டரில் தேய்த்து வெளுப்பாக்கியிருந்தார்கள். உள்ளே வந்ததும் அந்தப் பேனரைப் பார்த்து, யார் இந்தப் பிள்ளை, இவளுக்கா விழா என்று ஒரு நொடி உண்மையாகவே யோசித்தாள்.

மீன்கூடம். அது உள்ளே போய் முள் மாதிரி நின்றுகொண்டது. ஒருத்தரும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம், இந்த மேடையிலிருக்கிற ஏழு பேரில் ஒருத்தரும் அவளுடைய ஒரு படத்தையும் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் பெயராவது வாயில் நிற்கும். எதற்கு இப்படி அற்பமாக நினைக்கிறேன், கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள், வாசலில் சின்னப் பிள்ளைகள் பன்னீர் தெளித்தார்கள், பூ கொடுத்தார்கள். ஏலக்கூடம் என்ற பெயரை வைப்பதற்கு எவ்வளவு நாள் தவித்தாள், தூத்துக்குடியில் ஸ்டூடியோவுக்கு மேலிருந்த அறையில், ஒரு கல்யாண வீடியோவுக்கு ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை வருகிற மாதிரி மிக்ஸிங் பண்ணிக்கொண்டே, மனசுக்குள் பெயர்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் பெண்ணை அலங்கரிக்கிற அறைக்குள் ஆம்பிளை கேமராக்காரர் போக முடியாது, அதனால் அவளைக் கூப்பிடுவார்கள். புடவை மாற்றுகிற பெண்களுக்கு நடுவில், ஓரமாக, சுவரோடு சுவராக நிற்கப் பழகியதுதான் அவள் படித்த சினிமாப் படிப்பு. யாரும் உன்னை கவனிக்காத மாதிரி நில், அப்போது முகங்கள் தாமாக வரும். அப்பா போட் எஞ்சின் மெக்கானிக். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் போட்டோக் கடையில் இருக்கா என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேடுவார். இயக்குநர் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, வெட்கத்தினாலா, அந்தச் சொல் அவர் வாய்க்குப் பெரிதாகப் பட்டதா, கேட்டிருக்கலாம், கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலித்தது. மேடை நாற்காலி உயரம், கால் தரையில் சரியாகப் பதியவில்லை. பேராசிரியர் இப்போது சங்க காலத்துக்குப் போயிருந்தார், நெய்தல் நிலத்தில் நின்றுகொண்டிருந்தார், அங்கிருந்து அவளிடம் வந்துசேர நேரமாகும்.

ஏலக்கூடத்தில் செலினக்கா. அந்தப் படமே அவள்தான், மற்றதெல்லாம் அவளைச் சுற்றிக் காற்றும் தண்ணியும். விடியற்காலையில் வள்ளங்கள் கரைசேரும்போது ஆண்கள் வட்டமாக நின்று ஏலம் கூறுவார்கள், கூடை சுமக்கிற பெண்கள் வெளியே நிற்க வேண்டும், விலை முடிந்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். செலினக்கா மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சாளைமீன் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, ஆண்கள் சொல்கிற விலைக்கு மேலே தன் விலையைக் கூவுவாள். அந்தக் குரல். எடுத்த எடுப்பிலே ஊரையே கூப்பிடுகிற குரல். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மீன்காரப் பெண்ணின் சில நாட்கள், அதில் செலினக்கா செலினக்காவாகவே நடித்தாள், நடிக்கச் சொன்னால் சிரிப்பாள், சும்மா இரு என்றால் அற்புதமாக இருப்பாள். எமரென்சியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, பசி தெரியாது, தூக்கம் தெரியாது, கடல் தண்ணியில் இடுப்பளவு நின்று கேமராவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருப்பாள். படம் முடிந்து ஊரில் போடலாம் என்று திரை கட்டிய அன்றைக்கு ஊர்க் கமிட்டி கூடியது. ஏலக்கூடத்துக்குள்ளே செலின் ஆம்பிளைகளைக் கெட்ட வார்த்தை சொல்லுதாளாம், அதை இவ படமாப் பிடிச்சு ஊர் மானத்தை வெளியூர்க்காரனுக்குக் காட்டுதாளாம். அன்றைக்குக் குரலை உயர்த்தி, திரையை அவிழுங்கலே என்று கத்தியவர்களில் ஒருவன் இளைஞன், ஒல்லியாக, நெற்றியில் முடி விழுந்திருக்கும். அவர்தான் இப்போது பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டியில் ரெமிஜியூஸ். அவர் மகன் சென்னையில் சினிமா சம்பந்தமாகத்தான் படிக்கிறானாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வரும்போது காரில் சொன்னார். அந்தக் கதையை அவர் மறந்துவிட்டார், பொய்யாக அல்ல, சுத்தமாக மறந்துவிட்டார், அது எவ்வளவு நிம்மதியான முகம். செலினக்காவை அந்தத் தவக்காலத்து நாற்பது நாளும் ஏலத்துக்குள் விடவில்லை. எமரென்சியா ஊரிலிருந்த அப்பாவிடம் ஒரு சி.டி.யைக் கொடுத்துவிட்டாள், எப்படியாவது செலினக்கா கையில் சேர்த்துவிடுங்க, பக்கத்து வீட்டு டி.வி.யிலாவது போட்டுப் பாக்கட்டும் என்று. ஒரு வாரம் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து, கோயிலடிக் கடைப் போனுக்குச் செலினக்காவை வரச் சொல்லிப் பேசினாள். பாத்தியா அக்கா? அந்தப் பக்கம் இரைச்சல், யாரோ சோடா கேட்கிறார்கள். பிறகு செலினக்கா சொன்னாள், பாத்தேன், நல்லாருந்துச்சு.

அந்த ஒரு வார்த்தையில் அவள் இருபது வருடம் வாழ்ந்தாள். இதை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஆனால் அதுதான் நடந்தது. பனி கொட்டுகிற ஒரு வெளிநாட்டு ஊரில் ஏலக்கூடத்தைப் போட்டார்கள், பெரிய அரங்கம், உள்ளே பத்துப் பேர்கூட இல்லை, அதில் ஒருத்தர் குறட்டை விட்டார், யாரும் கண்ணீர் மல்கவில்லை பேராசிரியரே. படம் முடிந்ததும் கம்பளிக் குல்லா போட்ட ஒரு கிழவி எழுந்து கேட்டாள், அந்தப் பெண் இந்தப் படத்தைப் பார்த்தாளா? என்ன சொன்னாள்? எமரென்சியா நிமிர்ந்து நின்று சொன்னாள், பார்த்தாள், நன்றாக இருந்தது என்று சொன்னாள். கிழவி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், அது போதும் என்கிற மாதிரி. அதற்குப் பிறகு எந்த மேடையிலும், எந்தப் பேட்டியிலும், கல்லூரிப் பிள்ளைகள் கூப்பிட்ட கூட்டங்களிலும் அதைச் சொன்னாள். விமர்சகர்கள் என்ன சொன்னால் எனக்கென்ன, செலினக்கா பார்த்துவிட்டு நல்லாருந்துச்சு என்றாள். சென்னையில் ஒரு தயாரிப்பாளர் மின்விசிறிக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டு, எல்லாம் சரி மேடம், காதல் எங்க இருக்கு, மீன் வாடையில யாரு உக்காருவா என்று கேட்டபோதும், ரெண்டாவது படத்துக்கு ஒலிப்பதிவு செய்த திருவரசு, அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், ஒரே போர்வையில் குளிருக்குச் சுருண்டவன், எமரி என்னால இனி முடியல, எனக்கு ஒரு வழக்கமான வாழ்க்கை வேணும் என்று சொல்லிவிட்டுச் சீரியல் பக்கம் போனபோதும், மூன்றாவது படம் எந்தத் தியேட்டரையும் பார்க்காமல் ஒரு டப்பாவுக்குள் தூங்கியபோதும், அந்த வார்த்தையை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். திருவரசுவைப் போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தாள். வாங்க மேடம் என்றான். மேடம். பக்கத்தில் அவன் மனைவி, நல்ல பெண், கையைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க என்றாள். என்ன சொல்லியிருப்பான்.

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். முடிந்ததோ என்று மண்டபமே நிமிர்ந்தது, முடியவில்லை. எமரென்சியா வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் கடைசி வரிசையைப் பார்த்தாள், பிறகு மாற்றிப் பார்த்தாள். வலது கண்ணில் எல்லாரும் ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். புரை, ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அவளுக்குப் பயம் ஆபரேஷனில் இல்லை. நாலாவது படத்தில் ஒரு நாள் முழுக்க எடுத்தது எல்லாமே தெளிவில்லாமல் இருந்தது, சிறிய திரையில் பார்த்துப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டி, அடுத்ததுக்குப் போனாள். சாயங்காலம் பெரிய திரையில் போட்டபோது முகங்கள் கரைந்துபோய்க் கிடந்தன, கேமராக்காரப் பையன் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக் கைகட்டி நின்றான். மறுநாளிலிருந்து மழை, படப்பிடிப்பு நின்றது. மழை என்று கேட்டதும் அவளுக்குள்ளே ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டியது. அதுதான் பயம். கண் இல்லை, அந்த நிம்மதி. முன்னாலெல்லாம் மழை பெய்தால் வானத்தைத் திட்டுவாள், அன்றைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இனிப் போக வேண்டாம், இனிப் போகவே வேண்டாம் என்று நினைத்துத் தூங்கினாள், குழந்தை மாதிரித் தூங்கினாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாரும் தொடவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சினிமா சொல்லித்தர, தனி அறை, குளிர்சாதனம், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். போகலாம். போனால் என்ன, ஐம்பத்திரண்டு வயது, யாரிடமும் கெஞ்சாமல் காலையில் எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டி, பிள்ளைகளிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்கு வரலாம். ஆனால் நின்றுவிட்டேன் என்று எங்கேயாவது சொல்ல வேண்டும். ஓசையில்லாமல் நின்றுபோனால் அது தோற்றுப்போன மாதிரி. எங்கே ஆரம்பித்ததோ அங்கேயே சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போது முடிவு பண்ணியிருந்தாள், இந்த ஊரில், இந்த மேடையில். இனி நான் படம் எடுக்கப் போவதில்லை. வாக்கியத்தை வாய்க்குள் புரட்டினாள். இனிமேல் படம் எடுப்பதாக இல்லை. எடுப்பதாக இல்லை என்றால் இழுபறியாக இருக்கிறது. எடுக்கப் போவதில்லைதான் சரி. எடுக்க மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்ட மாதிரி. யார் மேல் கோபம்? யாரும் எடு என்றும் சொல்லவில்லையே.

"அக்கா." ரெமிஜியூஸ் காதருகே குனிந்தார். "அடுத்து நீங்கதான். ரெண்டு வார்த்தை போதும் பாத்துக்கிடுங்க. பிரியாணி வந்து எறங்கிட்டு, ஆறிப் போவும்."

"படம்?"

"படத்த இன்னொரு நாளைக்குப் போட்டுக்கிடலாம்க்கா. சனங்க பூசைக்கு முந்தியே வந்து இருக்குதுவ, பசியில பாக்க மாட்டாவ. தப்பா எடுத்துக்கிடாதிய."

தப்பா எடுத்துக்கொள்ளவில்லை என்று அவள் சிரித்தாள், அவர் முகம் சுருங்கவில்லை. கறுப்புத் துணி கட்டிய ஜன்னல்களைப் பார்த்தாள். வீணாக இவ்வளவு புழுக்கம். பெரிதாக வருத்தம் வரவில்லை, அதுவும் கவலையாக இருந்தது, வருத்தப்பட வேண்டிய இடத்தில் ஒரு கொட்டாவி வந்தது. பேராசிரியர் முடித்தார், பெயரை அழைத்தார்கள், எழுந்தபோது முழங்கால் டக்கென்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, பழகிய தோரணையில் இடமிருந்து வலமாக முகங்களைப் பார்த்தாள், தூணுக்குப் பக்கத்தில், பெண்கள் வரிசையின் ஓரத்தில், வெள்ளைச் சேலையில் ஒருத்தி கைகளை மடியில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்குத் தெரிந்தது. செலினக்கா. கொல்லத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள் என்றல்லவா சொன்னார்கள். முடி முழுக்க வெளுத்து, தோள் ஒடுங்கி, ஆனால் அந்த உட்காரல், இந்த இடம் எனக்கும்தான் என்கிற அந்த உட்காரல் அப்படியே இருந்தது. நன்றி சொன்னாள், ஃபாதருக்கு, தலைவருக்கு, பேராசிரியருக்கு. பிறகு வாய் தானாகவே பழைய வழியில் போனது, எத்தனையோ மேடையில் போன வழி. "எனக்கு எத்தனையோ விருது வந்திருக்கலாம், வராம இருந்திருக்கலாம். ஏலக்கூடத்துல நடிச்ச செலினக்கா அந்தப் படத்தப் பாத்துட்டு, நல்லாருந்துச்சுன்னு சொன்னாங்க. அத விட ஒண்ணும் எனக்குப் பெருசில்ல. அவங்களே இங்க உக்காந்திருக்காங்க." எல்லாத் தலைகளும் தூண் பக்கம் திரும்பின. செலினக்கா அசையவில்லை, சிரிக்கவும் இல்லை. எமரென்சியா மூச்சு வாங்கிக்கொண்டு, இதையும் சொல்லிவிடுகிறேன் என்று, "இனிமே நான் படம் எடுக்கப் போறதில்ல. இத்தோட நிறுத்திக்கிறேன்" என்றாள். கூட்டத்தின் காதில் அது ஏறவில்லை, பேச்சு முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது, மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அவள் வாழ்க்கையில் அப்படியொரு கைதட்டலைக் கேட்டதில்லை. அதற்குள் ரெமிஜியூஸ் மைக்கை வாங்கி, எல்லாரும் பந்திக்கு வாங்க, பிள்ளைகள முன்னால விடுங்க என்றார். நாற்காலிகள் கிரீச்சிட்டன, கூட்டம் வாசல் பக்கம் சரிந்தது, மசாலா வாசனை உள்ளே வந்தது.

மேடையிலிருந்து பக்கவாட்டுப் படியில் ஒவ்வொரு காலாக இறங்கினாள். செலினக்கா எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினாள், உக்காரு என்று. உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்துப் பார்த்தாள், விரல்களை, வாங்கப் போகிற மீனைப் பார்க்கிற மாதிரி.

"எளைச்சிட்டட்டி."

"நீங்க எப்ப வந்தீங்கக்கா?"

"நேத்து வந்தேன். உனக்கு என்னமோ பண்ணுதாவன்னு சொன்னாவ, அதான் பஸ்ஸு ஏறிட்டேன்." வாசலில் முண்டுகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நிறுத்துதேன்னு சொன்னியே, நெசமாத்தானா?"

"ஆமாக்கா. முடியல."

"சரி. நிறுத்திக்கோ. எவ்வளவு நாளைக்குத்தான் தவிக்க." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எமரென்சியா எதை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது, ஆனால் இதை இல்லை. ஐயோ விட்டுராத என்று ஒருத்தியாவது சொல்வாள் என்று உள்ளே எங்கேயோ காத்திருந்திருக்கிறாள் போல, அது இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் ஒரு சுமை இறங்குகிற மாதிரியும் இருந்தது, இரண்டும் ஒன்றாக.

"ஆனா ஒண்ணு கேக்கேன்," என்றாள் செலினக்கா. "மைக்குல எதுக்குப் பொய் சொன்ன?"

"என்ன பொய்?"

"நான் எங்கட்டி உன் படத்தப் பாத்தேன்?"

எமரென்சியா சிரிக்கப் பார்த்தாள். "போன்ல சொன்னீங்களே அக்கா. கோயிலடிக் கடையில வச்சு. பாத்தேன், நல்லாருந்துச்சுன்னு."

"சொன்னேன். பாக்கல." கையை விடவில்லை. "உங்கப்பா கொண்டாந்து குடுத்த அன்னைக்கே எங்க வீட்டு மனுசன் பிடுங்கி ரெண்டா ஒடச்சு அடுப்புல போட்டாவ. வீடு முழுக்க ஒரு நாத்தம் பாரு, மூணு நாளைக்குப் போவல. ஊர்ல தலை காட்ட முடியல, உனக்குப் படம் ஒரு கேடான்னாவ."

"அப்பொறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன் கொரலு போன்ல எப்பிடி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. இல்லைன்னு சொன்னா அழுதுருவ போல இருந்துச்சு. கடைக்காரன் வேற காதக் குடுத்துக்கிட்டு நிக்கான். ஒரு வார்த்தைதான, சொல்லிட்டுப் போவோம்னு சொன்னேன்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "அத நீ இவ்வளவு நாளா வச்சிருப்பன்னு நான் என்னத்தக் கண்டேன்."

அந்தக் கிழவி, கம்பளிக் குல்லா, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது. திருவரசு போன அன்றைக்கு இரவு. கல்லூரிப் பிள்ளைகள் அதை எழுதி எடுத்துக்கொண்டது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கீழே ஒன்றுமில்லாமல் அப்படியே நின்றன. விழும் என்று காத்திருந்தாள், விழவில்லை. இருபது வருடம் இல்லாத ஒன்றின் மேல் காலை ஊன்றி நடந்து வந்திருக்கிறாள், நடந்தது மட்டும் நடந்திருக்கிறது. கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை, மிகவும் களைப்பாக இருந்தது, தலையைச் சாய்த்தால் செலினக்காவின் தோளில் தூங்கிவிடலாம் போல இருந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது, யோசனை என்றுகூட இல்லை, கை முதலில் நகர்ந்தது. மேடை ஓரத்தில் புரொஜெக்டர் அப்படியே இருந்தது, லேப்டாப் திறந்தே கிடந்தது, திரையும் தொங்கியது, ஜன்னல்களில் கறுப்புத் துணியும் இருந்தது.

"இப்பப் பாக்கியளா?" என்றாள். வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"இப்பவா? எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாவளே."

"போவட்டும்."

வாசல் கதவைச் சாத்தினாள். விளக்குகளை அணைத்தாள். பந்தியின் சத்தம் கதவுக்கு அப்பால் மங்கியது. புரொஜெக்டர் சூடேற நேரம் எடுத்தது, பின்பு நீல வெளிச்சம், பின்பு இருட்டு, இருட்டுக்குள் கடல். பழைய கேமரா, ஓரங்களெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது, பெரிய திரையில் இன்னும் மோசம். எமரென்சியா வழக்கம்போலக் குறைகளைப் பார்க்கத் தொடங்கினாள், இங்கே வெளிச்சம் அதிகம், இந்த வெட்டு அவசரம். பிறகு திரும்பிச் செலினக்காவின் முகத்தைப் பார்த்தாள், குறைகளை விட்டுவிட்டாள். திரையில் நாற்பது வயதுச் செலின், கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆண்களின் முதுகுகளை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். நாற்காலியிலிருந்த செலினின் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"எம்மாடி," என்றாள். "என்ன நடை நடக்கேன் பாரு." கொஞ்சம் கழித்து, "அந்தச் சேலைய யாருக்குக் குடுத்தேன், ஞாபகமில்ல." ஏலம் தொடங்கியது, திரையிலிருந்து அந்தக் குரல் வெடித்துக்கொண்டு வந்து காலி மண்டபத்தில் மோதியது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சின்னப் பெண் மாதிரி. பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது.

"நிப்பாட்டு."

எமரென்சியா பயந்துபோய் எழுந்தாள். "ஏன்க்கா?"

"நிப்பாட்டிக் கொஞ்சம் பின்னால கொண்டு போ. இன்னும். ஆங், அங்ஙன."

திரையில் ஏலக்கூட்டம் உறைந்து நின்றது. முன்னால் செலின் கையைத் தூக்கிக் கூவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், தூணோரத்தில், தெளிவில்லாமல் ஒரு ஆள். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், தோளில் துண்டு. எமரென்சியாவுக்கு அந்த ஆளைத் தெரியும், எடிட்டிங்கின்போது எத்தனையோ தடவை அவனைப் பார்த்து எரிச்சல் பட்டிருக்கிறாள், கவனத்தைக் கெடுக்கிறான், இந்தத் துண்டை வெட்டிவிடலாமா என்று யோசித்திருக்கிறாள், செலினின் கை அவ்வளவு அழகாக உயர்ந்ததால்தான் விட்டுவைத்தாள். யாரோ ஒரு ஏலக்காரன் என்று நினைத்தாள். தூத்துக்குடியிலேயே கிடந்து ஊருக்கு வந்து போன அவளுக்குச் செலினக்காவின் புருசன் முகம் தெரியாது, படப்பிடிப்பு நாட்களிலும் நேரில் பார்த்ததே இல்லை, கேமரா வந்தால் அவர் ஒளிந்துகொள்வார் என்று சொல்வார்கள்.

"அவியதான்," என்றாள் செலினக்கா. மெதுவாக எழுந்து திரைப் பக்கம் போனாள், புரொஜெக்டர் வெளிச்சம் அவள் வெள்ளைச் சேலையில் விழுந்து மீன்களும் தண்ணியும் அவள் முதுகில் படிந்தன, விலகி நின்றாள். "லியோன். பாரு, சிரிக்காவ. நான் விலை கூவுதேன், பின்னால நின்னு சிரிக்காவ." தொட்டுப் பார்க்கிற மாதிரி கையை உயர்த்தி, தொடாமல் நிறுத்தினாள். "நாலு வருசமாச்சு போயி. வீட்டுல ஒரு போட்டோ இருக்கு, ரேசன் கார்டுக்கு எடுத்தது, திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு. இப்படிச் சிரிச்சு ஒண்ணும் இல்ல எங்கிட்ட." பிறகு குரல் மாறியது. "பாவி மனுசன். ஒடைக்கிறதுக்கு முந்தி ஒரு தடவ போட்டுப் பாத்திருந்தா. தான் இருக்கது தெரிஞ்சிருக்கும்லா."

எமரென்சியா திரையிலிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் தன் படத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாளே, அவளும்தான் பார்க்கவில்லை. அந்த மனிதன் அங்கேயே நின்றிருக்கிறான், மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பெருமையாக, யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில். முழங்கால் வலி குறையவில்லை. திங்கட்கிழமை வரும், பதில் சொல்ல வேண்டும், அனேகமாகப் போகிறேன் என்றுதான் சொல்வாள். அதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால், செலினக்காவுக்குப் பக்கத்தில் போட்டாள், இன்னொன்றையும் இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் ஓடவிட்டாள், லியோன் மெல்லத் திரும்பிக் கூட்டத்துக்குள் மறைந்தார், செலின் விலையை ஏற்றினாள்.

கதவு திறந்து வெயில் நீளமாக உள்ளே விழுந்தது, திரை வெளுத்தது. வாசலில் ரெமிஜியூஸ், கையில் பந்திக்கு எடுத்த வாழையிலை.

"அக்கா, இங்ஙனயா இருக்கிய? பந்தியில உங்களத்தான் தேடுதாவ. வாங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ."

எமரென்சியா எழுந்திருக்கப் போனாள். செலினக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவச் சாத்திட்டுப் போங்க," என்றாள். "நாங்க படம் பாக்கோம்."